பரீட்சிக்கப்படுபவர் யார்?

எங்கள் கரையோரத்து ஊர்களிலே ஒரு பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதித்த நாள்தொட்டு அதனை விடாது துரத்திவரும் கேள்வி ஒன்றுண்டு. "எத்தனை புள்ளி?" என்பதே அது. மருதமுனை நெசவாளியும் சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளியும் நிந்தவூர் வயற்காரரும் வேறு எத்தனையோ விடயங்களில் முரண்படக்கூடும். இந்தக் கேள்வியைக் கேட்பதில் மட்டும் அவர்களிடையே அபூர்வமான ஒற்றுமை நிலவுகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் சந்திகளிலே பதாகை ஏறுகிறது. அதிலே பத்து வயதுக் குழந்தையின் முகம். முகத்தின் கீழே ஓர் எண். எண் கிடைக்காத பிள்ளைகள் அன்று தெருவில் விளையாட வருவதில்லை.

உயர்தரப் பரீட்சையிலே இந்தக் கேள்வி உக்கிரமடைகிறது. அதனைக் கடந்து, வைத்தியபீடம் புகுந்து, ஐந்தாண்டு படித்து, உள்ளகப் பயிற்சியும் முடித்த பின்னராவது விட்டுவிடுவார்களா என்றால், அதுவுமில்லை. முப்பது வயதைத் தாண்டி, தலையில் முதல் நரையும் கண்டு, அவசர மருத்துவத்திலே நிபுணத்துவப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து வாப்பா கேட்கிறார், கற்பிப்பவர் கேட்கிறார், கூடப் படித்தவன் கேட்கிறான்: "இந்த வருஷப் பரீட்சையில எத்தன?"

பரீட்சையே வேண்டாம் என்று வாதிடுவதற்காக நாம் இக்கட்டுரையை எழுதப் புகவில்லை. நடுச்சாமத்தில் எமது தாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அங்கே நிற்பவர் தமது தொழிலை அறிந்தவரா என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. ஆனால் பயிற்சிக் காலத்திலே ஆண்டுதோறும் வைக்கப்படும் பரீட்சை எதற்காக ஏற்பட்டதோ அதனைக் கைவிட்டு, சந்தியிலே ஏறும் பதாகையின் இன்னொரு பதிப்பாக அதனை மாற்றிவிட்டோம். இந்தப் பிழையின் விலையைக் கொடுப்பவர் பயிலுனரல்லர். கட்டிலிலே கிடக்கும் நோயாளி.

அவசர மருத்துவம் தனித்துறையாகத் தலையெடுத்தது அண்மைக் காலத்திலேயே. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1970 இல் முதற் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. 1979 இலேதான் அந்நாட்டு மருத்துவ உலகம் அதனைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அந்த அங்கீகாரம் 2009 இல் வந்தது. எமது கதையோ வேறு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலே மிகப் பெரிய இழப்பு எங்களுடையது. அன்று இந்நாட்டில் அவசர மருத்துவத்துக்கென ஒரு பட்டப்பின் படிப்புத்தானும் இருக்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 இல் தோன்றியது. அது அவசர மருத்துவத்தில் எம்.டி. பயிற்சியைத் தொடங்கியதோ 2010 க்குப் பின்னர்தான். அதுவரை கடமைப் பட்டியலில் அன்றிரவு எவருடைய பெயர் இருந்ததோ அவரே அவசர வைத்தியர். அவர்களிலே பலர் தெய்வம்போல் உழைத்தார்கள் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

இத்துறையின் பயிலுனருக்கு ஆண்டுதோறும் பரீட்சை ஏன்? மற்றத் துறைப் பயிலுனர் நோயின் பெயரை முன்கூட்டியே அறிவார். இருதய நோய்ப் பிரிவுக்கு வருபவர் பெரும்பாலும் இருதய நோயாளியே. அவசரப் பிரிவின் கதவு அப்படிப்பட்டதன்று. ஒரே இரவிலே விபத்தில் எலும்பு முறிந்த இளைஞனும், வலிப்புக் கண்ட குழந்தையும், பிரசவ வலியோடு வந்த பெண்ணும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த முதியவரும் அதே கதவால் நுழைகிறார்கள். இவ்வளவு அகன்ற பரப்பிலே தன் அறிவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை மனிதன் தானாகக் கண்டுகொள்வது அரிது. அறியாததை அறியாதிருப்பதே அறியாமையின் இயல்பு. அந்த ஓட்டையைக் காலம் பிந்துமுன் காட்டுவதற்கே பயிற்சிக்காலப் பரீட்சை ஏற்பட்டது.

அமெரிக்க அவசர மருத்துவச் சபை ஆண்டுதோறும் பெப்ரவரி இறுதியில் நடத்தும் பரீட்சை இவ்வகையில் பேர்பெற்றது. ஏறத்தாழ 225 வினாக்கள். அதிலே தேறுதலுமில்லை, தவறுதலுமில்லை. முதலாம் ஆண்டுப் பயிலுனர் நாடு முழுவதிலுமுள்ள முதலாம் ஆண்டுப் பயிலுனர்களோடும், மூன்றாம் ஆண்டுப் பயிலுனர் மூன்றாம் ஆண்டினரோடும் ஒப்பிடப்படுகிறார். இந்தியாவில் தேசியப் பரீட்சைகள் சபை டி.என்.பி. பயிலுனர்களுக்கு நடத்தும் உருவாக்க மதிப்பீட்டுப் பரீட்சையோ மூன்று பகுதி கொண்டது: எழுத்துப் பரீட்சை முதலாவது, எழுதியதைப் பற்றி ஆசிரியரும் பயிலுனரும் உட்கார்ந்து பேசுவது இரண்டாவது, வேலைசெய்யும் இடத்திலேயே அவரது சிகிச்சைத் திறனைப் பார்த்து மதிப்பிடுவது மூன்றாவது. இந்த இரண்டாவது பகுதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எமது நாட்டுப் பயிற்சியிலே பயிலுனர் கோப்பும் மேற்பார்வையாளரின் முன்னேற்ற அறிக்கையும் உண்டு. அவற்றின் அருகே ஆசிரியர்கள் வைக்கும் மாதிரிப் பரீட்சைகளும், பயிலுனர்கள் கைக்காசு கொடுத்து வாங்கும் வெளிநாட்டு வினா வங்கிகளும் நிற்கின்றன.

அண்மையில் ஒரு மாலை கல்முனைக் கடற்கரையிலே இளம் வைத்தியர் சிலரோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் சலித்துப்போயிருந்தார். "பரீட்சை எழுதி எழுதியே பாதி வயசு போச்சு, சேர். நோயாளியைப் பார்த்துப் படிச்சாக் காணாதா?" என்றார். மற்றவர் வெகுண்டார். "வருஷா வருஷம் வைக்கணும். புள்ளிய அறிவித்தல் பலகையில ஒட்டணும். வெக்கம் வந்தாத்தான் படிப்பாங்க" என்றார். இவர்களோடு ஒரு பெண் வைத்தியரும் வந்திருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். நெடுநேரம் பேசாதிருந்தவர் இறுதியிலே மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எத்தன பிழ எண்டு சொன்னாங்க. எது பிழ எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

மற்ற இருவருடைய வாதங்களையும் ஒரே வாக்கியத்தில் அவர் தகர்த்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது.

முதலாமவரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். நோயாளியைப் பார்த்துப் படிப்பது போதாதா? போதாது. அனுபவம் என்பது கண்டதைத்தான் கற்பிக்கும். காணாததை அது கற்பிப்பதில்லை. ஓராண்டு முழுவதும் கரையோர வைத்தியசாலை ஒன்றில் இரவுபகலாக உழைத்த ஒருவர் நூற்றுக்கணக்கான ஆஸ்துமா நோயாளிகளைக் கண்டிருப்பார். பெருநாடிச் சுவர் கிழிந்த ஒருவரைக் காணாமலே இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட நோயாளி ஒருநாள் வருவார், முதுகுவலி என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்த நாளுக்காக ஒருவரை ஆயத்தப்படுத்துவது அனுபவமன்று, படிப்பு. தவிர, பல ஆண்டுகள் ஒரே பிழையைச் செய்துகொண்டு அதனை அனுபவம் என்று அழைப்பவர்களும் எல்லாத் தொழில்களிலும் உண்டல்லவா?

ஆனால் இரண்டாமவரின் கட்சியே ஆபத்தானது. அது கண்டிப்புப்போலத் தோற்றமளிப்பதால் பெரியோர் பலரும் அதற்குத் தலையசைக்கிறார்கள். புள்ளியை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லும் இந்தக் கண்டிப்புக்காரர்கள், தாம் ஒட்டும் எண்ணின் பொருளை அறிவார்களா?

225 வினாக்களிலே நூற்றுக்கு எழுபது சரியாக எழுதியவர் ஒருவர், எழுபத்துமூன்று எழுதியவர் இன்னொருவர். பலகையிலே முன்னவர் கீழே, பின்னவர் மேலே. ஆனால் எந்த வினாத்தாளும் ஒரு பெருங்கடலிலிருந்து மொண்ட ஒரு குடம் நீரே. வேறொரு குடம் மொண்டிருந்தால் வேறு வினாக்கள் வந்திருக்கும். இவ்வளவு வினாக்கள் கொண்ட தாளிலே, எழுபது பெறுபவரின் எண் தற்செயல் காரணமாக மட்டுமே மூன்று வீதம் மேலும் கீழும் அசைவது சாதாரணம். இது எளிய கணிதம், உயர்தர மாணவனும் போட்டுப் பார்க்கலாம். ஆகவே மறுநாளே வேறொரு தாள் வைத்தால் மேலே நின்றவர் கீழேயும் கீழே நின்றவர் மேலேயும் நிற்கக்கூடும். இந்த மூன்று வீதத்தின் மேல் ஒருவரது மானத்தைத் தொங்கவிடுவதற்குக் கண்டிப்பு என்று பெயரா?

உட்பிரிவுகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நஞ்சியலிலே பத்து வினாக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு சரி. அடுத்த ஆண்டு ஐந்து சரி. "நஞ்சியலில் பின்னடைவு" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பத்து வினாவுள்ள ஒரு பிரிவில் தற்செயலின் அசைவு ஏறத்தாழப் பதினைந்து வீதம்; இரண்டு வினா கூடுவதும் குறைவதும் எதையும் நிரூபிப்பதில்லை. அப்படியானால் அந்த எண்ணை வீசிவிடுவதா? வேண்டாம். அது ஒரு சந்தேகத்தை எழுப்புகிறது. சந்தேகத்தை விசாரிக்க வேண்டும். அந்த ஐந்து பிழைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பயிலுனரோடு உட்கார்ந்து, இதை ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்க வேண்டும். அறியாமல் எழுதினாரா, அறிந்தும் அவசரத்தில் வினாவைப் பிழையாக வாசித்தாரா, ஆங்கில வாக்கியத்தின் இரட்டை எதிர்மறையில் வழுக்கினாரா, தமது வைத்தியசாலையில் நடைமுறையிலுள்ள சிகிச்சையை எழுதினாரா? நான்கும் நான்கு நோய்கள். நான்குக்கும் மருந்து வேறு. எண் நான்கையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. காய்ச்சலின் அளவைப் பார்த்தவுடன் காரணம் தேடாமல் மருந்தெழுதும் வைத்தியரை நாம் என்ன சொல்வோம்? அதையே வைத்தியக் கல்வியில் செய்பவர்களை ஆசிரியர்கள் என்கிறோம்.

மருதமுனையிலே தறிக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். நெய்த சாரனிலே ஒரு கோடு விலகியிருக்கிறது. அனுபவமுள்ள கைத்தறிக்காரர் நெய்தவனைத் திட்டுவதற்கு முன்னர் தறியைப் பார்க்கிறார், பாவு சரியாக ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரே கூடத்தில் நாலு தறியிலும் அதே இடத்தில் அதே கோடு விலகினால் நெய்தவர்கள் நால்வரும் குற்றவாளிகள் என்று அவர் முடிவுகட்டுவதில்லை. இவ்வளவு சாதாரண அறிவு பரீட்சைப் பெறுபேற்றை வாசிப்பவர்களிடம் இல்லாமற்போவது ஏன்? ஒரு பிரிவின் பயிலுனர் நால்வரும் குழந்தைகளின் அவசர நிலை பற்றிய வினாக்களிலே தடுமாறினால், முதற் கேள்வி பயிலுனர்களிடம் போகக்கூடாது. இவர்களைக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினீர்களா, எத்தனை கிழமை, அங்கே கற்றார்களா அல்லது ஆளில்லாத குறைக்குக் கடமை நிரப்பினார்களா என்று பயிற்றுவித்தோரிடம் கேட்க வேண்டும். அந்தப் பிரிவிலே பயிற்றுவிக்க நிபுணர் இருந்தாரா என்று சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். பரீட்சைத் தாள் பயிலுனரின் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் அதிலே பரீட்சிக்கப்பட்டவர்கள் பலர்.

இதை எவரும் விரும்புவதில்லை. பலகையில் ஒட்டினால் அவமானம் பயிலுனரோடு நின்றுவிடுகிறது. உட்கார்ந்து வாசித்தால் அது மேலே ஏறத் தொடங்குகிறது. கண்டிப்பின் மேல் சிலருக்குள்ள காதலின் இரகசியம் இதுவே.

இனிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் விதத்தைப் பார்ப்போம். எமது பிள்ளைகள் ரியூட்டரியிலே கற்ற பாடம் ஒன்றுண்டு: கடந்தகால வினாத்தாளைச் செய், விடையை மனனஞ்செய், திரும்பவும் செய். அதே பழக்கம் மருத்துவ நிபுணத்துவத்திலும் தொடர்கிறது. பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது வெளிநாட்டு வினா வங்கி ஒன்றுக்குச் சந்தா கட்டி, இரவுக் கடமை முடிந்த கண்ணோடு நாளுக்கு நூறு வினா. 2022 இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலே முந்நூற்றறுபதைத் தொட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. டொலரில் கட்டும் சந்தா அன்று யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதும் ஒரு வர்க்கப் பிரச்சினையே.

வினா செய்து படிப்பது பிழையென்று சொல்லவில்லை. தானே நினைவுக்குக் கொண்டுவந்து விடை சொல்வது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நெடுநாள் நிலைக்கும் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006 இல் பரிசோதனை மூலம் காட்டினார்கள். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885 இலேயே தம்மைத்தாமே சோதித்து எழுதிவிட்டார். ஆகவே ஆறு கிழமையில் அள்ளிக் கொட்டுவது அறிவியலுக்கும் விரோதம். ஆண்டு முழுவதும் நாளுக்கு ஐந்து வினா போதும். ஆனால் அந்த ஐந்து எங்கிருந்து வரவேண்டும்? இன்று கட்டிலில் கிடந்தவரிடமிருந்து வரவேண்டும். சம்மாந்துறை வயலிலிருந்து எலிக்காய்ச்சலோடு வந்தவரின் சிறுநீர் ஏன் குறைந்தது, நான் கொடுத்த திரவம் சரியான அளவா, மஞ்சட்காமாலைக்கு வேறு காரணம் இருந்திருக்குமா என்று மூன்று வினாவை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி, ஒரு கிழமை கழித்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு விடை சொல்லிப் பார்ப்பவர் எந்தப் பரீட்சைக்கும் அஞ்சவேண்டியதில்லை. இதற்குச் சந்தா இல்லை. ஆனால் இதற்கு நேரம் வேண்டும். நேரத்தை யார் கொடுப்பது?

இங்கேதான் அந்தப் பெண் வைத்தியரின் முகம் நினைவுக்கு வருகிறது. இரவுக் கடமை முடிந்து வீடு போனால் அவருக்குக் காத்திருப்பது புத்தகமா? கூட வேலைசெய்யும் ஆண் வைத்தியருக்கு உம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்து, "மகன் படிக்கிறான், சத்தம் போடாதீங்க" என்று வீட்டையே அடக்கிவைக்கிறார். பெண் வைத்தியரோ பிள்ளையின் பாடசாலைச் சீருடையைத் தேய்க்கிறார். இருவருடைய புள்ளியையும் ஒரே பலகையிலே அருகருகே ஒட்டி, பெண்களுக்கு இத்துறை தோதுப்படாது என்று தீர்ப்பும் சொல்கிறோம். பெண்பிள்ளையை வைத்தியராக்கியதில் பெருமை கொள்ளும் எமது சமுதாயம், அவர் படிப்பதற்கு ஒரு மணி நேர மௌனத்தைக் கொடுக்கத் தயாரில்லை.

வினாக்களின் உள்ளடக்கம் பற்றியும் சொல்ல இருக்கிறது. அந்நிய வினா வங்கியைத் திறந்தால் பனிக்கடி வருகிறது. வட அமெரிக்கக் காட்டு உண்ணி கடித்து வரும் லைம் நோய் வருகிறது. கல்முனையிலே பனிக்கடி கண்ட வைத்தியர் யாராவது உண்டா? அந்தந்த நாட்டார் தங்கள் நோயைக் கேட்கிறார்கள், அதில் குற்றமில்லை. குற்றம் எமது. எமது வயலோரத்துக் கட்டுவிரியனையும் கண்ணாடி விரியனையும் பற்றி ஆழமாகக் கேட்கும் வினாக்களை நாம் தாமே எழுதவேண்டும்? இந்தியாவில் தயாராகும் பாம்பு விஷ எதிர்ப்பு மருந்து, சிங்களத்திலே குணகட்டுவா எனப்படும் சிறு விரியனின் விஷத்துக்கு ஏற்றதன்று என்பதை எந்த அமெரிக்கன் கேட்கப்போகிறான்?

அலரி நஞ்சின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. அலரி விதையின் நஞ்சால் இருதயத் துடிப்புக் குழம்புவது எமது நாட்டில் நீண்டகாலத் துயரம். டிஜொக்சினுக்கு எதிரான பிறபொருளெதிரித் துண்டுகள் அதனைச் சீராக்கும் என்பதை இலங்கையிலேயே நடத்திய ஆய்வொன்று 2000 இல் லான்செட் இதழில் நிறுவியது. மருந்தின் விலையோ ஏழை நாட்டின் கைக்கு எட்டாதது. பின்பு, மலிவான கரித்தூளைப் பலமுறை கொடுப்பதால் உயிர் பிழைக்கும் என்று 2003 இல் இலங்கை ஆய்வொன்று சொல்லிற்று. 2008 இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு, இதே நாட்டில், நடந்த பெரிய ஆய்வு அந்தப் பலனைக் காணவில்லை. இப்போது சொல்லுங்கள்: பலமுறை கரித்தூள் கொடுப்பதா, இல்லையா? ஐந்து விடைகளில் ஒன்றுக்குக் கீழே கோடிடு என்றால் எங்கே கோடிடுவது? உலகப் பாடநூல்கள் மேற்கோள் காட்டும் ஆய்வுகள் எமது அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் எமது நோயாளிகளின் உடலிலே நடந்தவை. அவற்றையே வெளிநாட்டு வினா வங்கியில் டொலர் கொடுத்து வாங்கிப் படிக்கிறோம்! இந்த வேடிக்கையை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மொழியின் சங்கடத்தையும் மறைக்கவேண்டாம். எங்கள் கரையோரத்துப் பிள்ளை உயர்தரம்வரை தமிழிலே படித்து, பின்னர் ஆங்கிலத்திலே மருத்துவம் கற்று, ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதுகிறது. அது தவிர்க்க இயலாததாக இருக்கலாம். ஆனால் நோயாளியோ, "நெஞ்சுக்குள்ள பாறாங்கல்ல வச்சமாதிரிக் கனக்குது, மகன்" என்கிறார். இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் இருதய மின்வரைவுக்கு ஓடத் தெரிந்தவரே அவசர வைத்தியர். அத்திறமையை அளக்க எந்த வினாத்தாளிலும் இடமில்லை. அதற்காகத்தான் கட்டிலருகே நின்று பார்க்கும் மதிப்பீடு இருக்கிறது. எழுத்துப் புள்ளியோடு அதனைச் சேர்த்து வாசிக்காதவர் அரைப் பக்கம் கிழிந்த கடிதத்தை வாசிப்பவர்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்டப் பங்கீடு 1970 களில் ஏற்பட்டது. பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பட்டியலில் அம்பாறையும் உண்டு. இந்த வழியால் வைத்தியபீடம் போன எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "குறைஞ்ச புள்ளியில வந்ததுகள்" என்று வாழ்நாள் முழுவதும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் அந்தப் பழைய வசை மீண்டும் தலைதூக்குகிறது. பத்தொன்பது வயதில் எடுத்த எண்ணை முப்பத்திரண்டு வயதில் எடுத்த எண்ணோடு கோத்து ஒரு சாதிப் பெயர்போல் சூட்டிவிடுகிறார்கள். ஆய்வுகூடமில்லாத பாடசாலையில், இரசாயனவியலுக்கு ஆசிரியரில்லாத வருடத்தில், கொழும்புப் பிள்ளை எழுதிய அதே தாளை எழுதியவனின் புள்ளி எதை அளந்தது? அவனுடைய அறிவையா, அரசு அவனுக்குக் கொடுக்காதவற்றையா? அதைவிட வெட்கம், இந்த வசையை எங்களவர்களே எங்களவர்கள்மேல் வீசுவது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள தலைநகரை விட்டு, வெளிநாட்டு வேலைக்கான அழைப்பையும் விட்டு, ஊரின் அவசரப் பிரிவுக்கே திரும்பிவரும் ஒருவரை வரவேற்க எங்களிடம் இருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதானா? 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர் எத்தனை வைத்தியர்கள் விமானம் ஏறினார்கள் என்பதை அவரவர் குடும்பத்திலேயே எண்ணிக்கொள்ளலாம்.

பொதுமக்களுக்கு இதிலே என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 அம்புலன்ஸ் இன்று எங்கள் ஒழுங்கைகளுக்குள்ளும் வருகிறது. நோயாளி முன்னரைவிட விரைவாக வைத்தியசாலை வாசலை அடைகிறார். விரைவாக அடைந்தவரை அங்கே யார் வரவேற்கிறார் என்பதே இப்போதுள்ள பிரச்சினை. கல்முனை ஒரே நகரிலே இரண்டு ஆதார வைத்தியசாலைகளைக் கொண்டது: வடக்கிலே ஒன்று, தெற்கிலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. அவற்றின் பெயருக்கும் தரத்துக்கும் எல்லைக்கும் நாம் செலவிட்ட வாதத்திலே பத்தில் ஒரு பங்கைத்தானும் உள்ளே நிற்பவர் எவ்வாறு பயிற்றப்படுகிறார் என்பதில் செலவிட்டதுண்டா? இரண்டிலும் பயிலுபவர்கள் மாதம் ஒருமுறை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தமது பிழைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு எந்தச் சட்டம் தடையாக நிற்கிறது?

வைக்கட்டும், ஆண்டுதோறும் பரீட்சை வைக்கட்டும். புள்ளி பயிலுனரின் கையிலும் அவருடைய மேற்பார்வையாளரின் கையிலும் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு பயிலுனரோடும் குறைந்தது ஒரு மணி நேரம் ஆசிரியர் உட்காரட்டும். அந்த மணி கடமைப் பட்டியலிலே எழுதப்படட்டும், ஏனெனில் எழுதப்படாத நேரம் எமது வைத்தியசாலைகளில் கிடைப்பதில்லை. பிரிவு முழுவதற்குமான பெறுபேற்றை, பெயர்களை நீக்கி, பயிற்றுவிப்போர் தமக்கெதிரான குற்றப்பத்திரமாக வாசிக்கட்டும். பலகை வேண்டுமென்றே அடம்பிடிப்பவர்கள் அந்தக் குற்றப்பத்திரத்தை ஒட்டட்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டுக்கென ஒரு வினாவையும் இப்போதே தந்துவிடுகிறோம். வேளாண்மைக் காலம். வயற்காவற் குடிலிலே நிலத்தில் பாய்விரித்துப் படுத்தவர் விடியற்காலம் மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழும்புகிறார். உடம்பில் கடித்த அடையாளம் இல்லை, வீக்கம் இல்லை. நாலரை மணிக்கு அவசரப் பிரிவுக்கு வரும்போது கண்ணிமைகள் பாதி மூடியிருக்கின்றன, பேச்சுக் குழறுகிறது. செயற்கைச் சுவாச இயந்திரம் இன்னொருவருக்குப் பூட்டப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு நாற்பது கிலோமீற்றர். கடமையில் நிற்பவர் இரண்டாம் ஆண்டுப் பயிலுனர், நிபுணர் தொலைபேசியில். நோயாளியின் மனைவி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலிதானே, தம்பி?" என்று கேட்கிறார். ஐந்து விடைகள் தரவேண்டாம். முதல் அரை மணி நேரத்தில் செய்வதை வரிசைப்படி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் பதிலைத் தமிழிலே எழுதச் சொல்லுங்கள்.